கண்மாய்த் தரவுக்கு எந்த உரிமம்? திறந்த தரவுத்தளம் தொடங்குபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஒரு மாவட்டத்தில் உள்ள கண்மாய், ஏரி, ஊருணி எல்லாவற்றையும் பதிவு செய்ய ஒரு தன்னார்வலர் குழு கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர், எத்தனை மடை, உபரி நீர் வழியும் கலிங்கு எந்தப் பக்கம், மறுகால் பாய்ந்தால் தண்ணீர் அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போகும், ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு எவ்வளவு, கடைசியாக எந்த ஆண்டு நிறைந்தது. யார் வேண்டுமானாலும் கைபேசியிலிருந்தே சேர்க்கலாம், திருத்தலாம். தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் இருப்பதாக அரசுக் கணக்கு சொல்கிறது. ஊர் வழக்கில் இருக்கும் இந்த விவரங்கள் அந்தக் கணக்கில் முழுதாக ஏறியதில்லை. எனவே வேலை பெரியது, தேவையானதும்கூட.

இம்மாதிரி முயற்சிகளில் செயலி, சர்வர், படிவம், பயிற்சி என்று எல்லாவற்றையும் பேசிவிட்டு, கடைசியில்தான் உரிமத்துக்கு வருவார்கள். அதுவும் இணையதளத்தின் அடியில் எந்த வரியைப் போடுவது என்ற அளவில் முடிந்துவிடும். நான் அதை முதல் நாளே பேச வேண்டிய விஷயமாகப் பார்க்கிறேன். செயலியைப் பின்னால் மாற்றி எழுதலாம். ஆயிரம் பேர் சேர்த்த தரவின் உரிமத்தைப் பின்னால் மாற்றுவது எவ்வளவு வலி என்பதற்கு உலகறிந்த உதாரணம் இருக்கிறது, கீழே வருகிறேன்.

நடைமுறையில் தேர்வுகள் நான்கு. எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்கும் சிசி ஜீரோ (சிசி என்பது கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு எழுதிய பொது உரிமங்களின் சுருக்கப் பெயர்). பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்கிற சிசி பை. பெயரையும் குறிப்பிட வேண்டும், மேம்படுத்தி வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில் திறந்துவிட வேண்டும் என்கிற ஓடிபிஎல், அதாவது திறந்த தரவுத்தள உரிமம். வணிகப் பயன்பாடு கூடாது என்கிற என்சி வகை. என் தேர்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கண்மாய்க் குழுவைப் போன்ற சிறிய முயற்சிக்கு, தகவல்களைச் சிசி ஜீரோவிலும், புகைப்படங்களையும் நீளமான விவரிப்புகளையும் சிசி பை-எஸ்ஏவிலும் (சிசி பை போலப் பெயர் போட வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில் விட வேண்டும்) வெளியிடுவதே நல்லது. ஓடிபிஎல்லை நான் மதிக்கிறேன். அதைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணம் உள்ள இடங்களும் உண்டு. ஆனால் அது எந்த நிலத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும்.

எதற்குப் பயப்படுகிறோம்?

உரிமம் பற்றிய பேச்சில் முதலில் எழும் பயம் இதுதான்: "நாம் உழைத்துச் சேர்த்ததை ஒரு கம்பெனி எடுத்துப் பூட்டிக்கொண்டால்?" நியாயமான பயம். நடந்தும் இருக்கிறது.

1990-களில் கணினியில் இசைத்தட்டை (சிடி) போட்டால் பாடல்களின் பெயர் தானாக வர, சிடிடிபி என்ற தரவுத்தளம் இருந்தது. தட்டில் பாடல் பெயர்கள் பதிவாகி இருக்காது. உலகம் முழுவதும் இருந்த பயனர்கள் தங்களிடம் உள்ள தட்டுகளின் விவரங்களைத் தட்டச்சு செய்து அனுப்பியதால் உருவான தொகுப்பு அது. 1998-ல் அது ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது, பிறகு கிரேஸ்நோட் என்ற பெயரில் வணிகச் சேவையானது. தட்டச்சு செய்தவர்களுக்குக் கேட்கும் உரிமை எதுவும் இல்லை. அந்தக் கோபத்தில் பிறந்தவைதான் ஃப்ரீடிபி, மியூசிக்பிரெயின்ஸ் என்ற திறந்த இசைத் தரவுத்தளங்கள்.

இந்தக் கதையைச் சொல்லி "அதனால்தான் கடுமையான உரிமம் வேண்டும்" என்று முடிப்பவர்கள் உண்டு. நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. சிடிடிபியில் மூலமே மூடப்பட்டது. முழுத் தரவையும் யாரும் பதிவிறக்கி வைத்துக்கொள்ளும் சட்டபூர்வ வழி உறுதியாக இருந்திருந்தால், நிறுவனம் கைமாறிய மறுநாளே இன்னொரு இடத்தில் அது தொடர்ந்திருக்கும். அப்படிப்பட்ட மூடலைத் தடுக்கத் திரும்பப் பெற முடியாத ஒரு திறந்த உரிமமும், மாதம் ஒருமுறை வெளியாகும் முழுப் பிரதியும் போதும். சிசி ஜீரோ, சிசி பை, ஓடிபிஎல் மூன்றுமே இதைச் செய்யும்.

இரண்டாவது பயம் வேறு: மூலம் அப்படியே திறந்திருக்கிறது, ஆனால் ஒரு கம்பெனி பிரதி எடுத்து, தன் பங்குக்கு மேம்படுத்தி, அந்த மேம்பாட்டை நமக்குத் தராமல் வைத்துக்கொள்கிறது. இதைத் தடுக்கப் பார்ப்பது ஓடிபிஎல் மட்டும்தான். இந்த இரண்டு பயங்களையும் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கண்மாய்க் குழு தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது, இரண்டாவது பயம் தங்களுக்கு எந்த அளவு உண்மையானது என்பதைத்தான்.

சட்டம் எதைக் காக்கிறது?

உரிமம் என்பது நம்மிடம் உள்ள உரிமையைப் பிறருக்குக் கொடுக்கும் தாள். நம்மிடம் உரிமையே இல்லாத ஒன்றுக்கு எவ்வளவு கடுமையாக உரிமம் எழுதினாலும் அதற்கு வலு குறைவு. தரவு விஷயத்தில் இங்கேதான் சிக்கல்.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ரூரல் என்ற தொலைபேசி நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் பெயர், ஊர், எண் கொண்ட புத்தகத்தை வெளியிட்டது. ஃபைஸ்ட் என்ற பதிப்பகம் அனுமதி இல்லாமல் அதிலிருந்து எடுத்துத் தன் புத்தகத்தில் சேர்த்தது. 1,309 பதிவுகள் ஒன்றுபோல இருந்தன, அவற்றில் 4 பதிவுகள் திருட்டைக் கண்டுபிடிப்பதற்காக ரூரல் வேண்டுமென்றே நுழைத்த கற்பனைப் பெயர்கள். நகலெடுத்தது கையும் களவுமாகப் பிடிபட்டது. ஆனாலும் 1991-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஃபைஸ்ட்டின் பக்கம்தான் தீர்ப்பளித்தது. தகவலுக்குப் பதிப்புரிமை இல்லை, அகரவரிசையில் அடுக்குவதில் படைப்பாற்றல் இல்லை, வியர்வை சிந்தினோம் என்பது மட்டும் உரிமை ஆகாது என்பது தீர்ப்பின் சாரம்.

இந்தியாவில் 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 'இலக்கியப் படைப்பு' என்ற வரையறைக்குள்ளேயே கணினித் தரவுத்தளங்கள் உள்ளிட்ட தொகுப்புகளைச் சேர்த்திருக்கிறது. 1995-ல் டெல்லி உயர் நீதிமன்றம், பர்லிங்டன் என்ற அஞ்சல்வழி விற்பனை நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலை உழைப்பின் அடிப்படையிலேயே காத்தது. அப்புறம் காற்று மாறியது. ஈஸ்டர்ன் புக் கம்பெனிக்கும் டி.பி. மோடக்குக்கும் இடையிலான வழக்கில், 2007 டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றம் வெறும் உழைப்பும் முதலீடும் போதாது, திறமையும் தேர்ந்தெடுக்கும் விவேகமும், கொஞ்சமாவது படைப்பாற்றலும் வேண்டும் என்றது. அந்த வழக்கு நீதிமன்றத் தீர்ப்புகளைத் திருத்திப் பதிப்பித்தது பற்றியது. ஆனால் அதன் அளவுகோல் தரவுத் தொகுப்புகளுக்கும் பொருந்தும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதைக் கண்மாய்க்குப் பொருத்திப் பாருங்கள். 'இந்தக் கண்மாய்க்கு மூன்று மடை' என்பது தகவல். அதை வெயிலில் நடந்து போய் எண்ணினோம் என்பதால் அது நம் சொத்தாகிவிடாது. மாவட்டத்தின் எல்லாக் கண்மாய்களையும் ஒன்றுவிடாமல் பட்டியலிடுகிறோம் என்றால் அங்கே 'தேர்வு' என்பதும் இல்லை. தொகுப்பு எவ்வளவு முழுமையாக ஆகிறதோ, பதிப்புரிமை அவ்வளவு மெலிந்துபோகிறது. படங்களும், கண்மாயின் கதையைச் சொல்லும் பத்திகளும் மட்டும் ஐயமின்றிப் பதிப்புரிமைக்குள் வரும்.

ஐரோப்பா தனி வழியில் போனது. 1996-ல் ஐரோப்பிய ஒன்றியம், கணிசமான முதலீட்டில் உருவான தரவுத்தளத்துக்குப் படைப்பாற்றல் இல்லாவிட்டாலும் 15 ஆண்டு காலத் தனி உரிமை கொடுத்தது. ஓடிபிஎல்லின் முதுகெலும்பு இந்த உரிமைதான். ஆனால் அது ஒன்றியத்தில் உள்ளவர்கள் உருவாக்கும் தரவுத்தளங்களுக்கு மட்டுமே. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் குழுவுக்குக் கிடைக்காது. பிரிட்டனுக்கே இப்போது கிடையாது: பிரெக்சிட்டுக்குப் பின், 2021 ஜனவரி 1 முதல் அங்கே உருவாகும் தரவுத்தளங்களுக்கு ஒன்றிய நாடுகளில் இந்தப் பாதுகாப்பு இல்லை. இந்தியச் சட்டத்தில் இப்படியொரு தனி உரிமை இதுவரை எழுதப்படவில்லை.

ஓடிபிஎல்: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கற்றது

2004-ல் பிரிட்டனில் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், முதலில் சிசி பை-எஸ்ஏ 2.0-வில்தான் இருந்தது. கட்டுரைக்கும் படத்துக்கும் எழுதப்பட்ட உரிமம் அது. சாலையின் ஆள்கூறுகளுக்கு அது பொருந்துமா, அமெரிக்கா போன்ற நாட்டில் செல்லுமா, ஒரு வரைபடத்தின் கீழ் ஆயிரக்கணக்கான பங்களிப்பாளர்களின் பெயரை எப்படிப் போடுவது என்ற கேள்விகள் தொடக்கத்திலிருந்தே தொல்லை கொடுத்தன. தரவுக்கென்றே எழுதப்பட்ட ஓடிபிஎல் 2009-ல் தயாரானது. மாறலாம் என்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளையின் உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது.

ஒவ்வொரு பங்களிப்பாளரிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேட்க வேண்டியிருந்தது. சிலர் கொள்கை காரணமாக மறுத்தார்கள். சிலர் எப்போதோ நாலு தெரு வரைந்துவிட்டுப் போனவர்கள், மின்னஞ்சலுக்குப் பதிலே வரவில்லை. சம்மதம் கிடைக்காதவர்களின் பங்களிப்பை 2012 ஜூலையில் ஒரு தானியங்கி நிரல் உலகம் முழுவதும் நீக்கிக்கொண்டே போனது. மொத்த அளவில் இழப்பு சிறியதுதான். ஆனால் ஆஸ்திரேலியா, போலந்து போன்ற இடங்களில் முக்கியமான சாலைகளே காணாமல் போயின. வரைந்தவர்களே உட்கார்ந்து மறுபடியும் வரைந்தார்கள். 2012 செப்டம்பர் 12 அன்று ஓடிபிஎல் நடைமுறைக்கு வந்தது. உரிமத்தை முதல் நாளே பேச வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மாறியதால் கிடைத்தது என்ன? ஓடிபிஎல் ஒரு நல்ல கோட்டை வரைகிறது. தரவிலிருந்து ஒரு வரைபடப் படம் செய்தால் அந்தப் படத்தை எந்த உரிமத்திலும் வைத்துக்கொள்ளலாம், 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்று போட்டால் போதும். ஆனால் தரவையே மாற்றி, சேர்த்து, அந்தப் புதிய தரவுத்தளத்தைப் பொதுவெளியில் பயன்படுத்தினால் அதைத் திறந்துவிட வேண்டும். இதனால் பத்திரிகைகள் வரைபடம் போடப் பயப்பட வேண்டியதில்லை, தரவைத் தின்று கொழுக்க நினைப்பவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும். கொஞ்சமாக எடுப்பவர்களை அது துரத்துவதும் இல்லை: நூற்றுக்கும் குறைவான பொருள்களை எடுத்தால் அது கணிசமான அளவு ஆகாது என்று அறக்கட்டளை வழிகாட்டுதலே எழுதி வைத்திருக்கிறது.

இந்தப் பூட்டு பெரிய நிறுவனங்களிடமும் வேலை செய்கிறது. அமேசான், மெட்டா, மைக்ரோசாஃப்ட், டாம்டாம் சேர்ந்து 2022 டிசம்பரில் ஓவர்ச்சர் என்ற வரைபட அமைப்பைத் தொடங்கின. அவர்கள் வெளியிடும் தரவில் கடைகள், இடங்கள் பற்றிய பகுதி தளர்வான உரிமத்தில் வருகிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுத்தது கலந்திருக்கும் கட்டடம், சாலைப் பகுதிகள் ஓடிபிஎல்லிலேயே வருகின்றன. அத்தனை வழக்கறிஞர்களை வைத்திருப்பவர்களும் அந்த நிபந்தனையை மதித்துத்தான் நடக்கிறார்கள். ஓடிபிஎல்லுக்கு ஆதரவாக இதைவிடப் பலமான வாதம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்தப் பலத்தின் பின்னால் என்னென்ன இருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். பதிவு பெற்ற அறக்கட்டளை இருக்கிறது. உரிமத்துக்கென்றே ஒரு பணிக்குழு இருக்கிறது. பெயர் போடாமல் வரைபடத்தைப் பயன்படுத்தும் தளங்களைக் கண்டுபிடித்து எழுதும் தன்னார்வலர்கள் நாடு நாடாக இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வேறு எங்கும் கிடைக்காத உலகளாவிய தரவு இருக்கிறது. அதனால்தான் எடுப்பவர்கள் நிபந்தனைக்கு ஒத்துப்போகிறார்கள்.

பன்னிரண்டு பேர் கொண்ட கண்மாய்க் குழுவிடம் இவற்றில் எது இருக்கிறது? ஒரு நில விற்பனைச் செயலி கண்மாய்ப் பெயர்களை எடுத்துக்கொண்டு, தன் தரவோடு கலந்து, வெளியிட மறுத்தால் என்ன செய்வார்கள்? வழக்குப் போட்டால், 'இந்தத் தகவலில் உங்களுக்கு என்ன உரிமை?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். ஒப்பந்தம் என்ற அடிப்படையில் ஓடிபிஎல் பேசலாம். ஆனால் மூன்றாவது கையிலிருந்து எடுத்தவரிடம் ஒப்பந்தம் எங்கே? பூட்டு கதவில் தொங்கும், சாவியைத் திருப்ப ஆள் இருக்காது. அதே நேரம், நேர்மையாக நடக்க நினைக்கும் சிறிய ஆட்கள், ஒரு கல்லூரித் துறையோ, உள்ளூர் விவசாயிகள் சங்கமோ, நிபந்தனையைப் படித்துப் புரியாமல் ஒதுங்கிவிடுவார்கள்.

சிசி ஜீரோ: விக்கித்தரவும் மியூசிக்பிரெயின்ஸும்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஓடிபிஎல்லுக்கு மாறிய அடுத்த மாதம், 2012 அக்டோபர் 29 அன்று, விக்கித்தரவு தொடங்கியது. கட்டுரைகளுக்குப் பதில் தனித்தனித் தகவல்களைச் சேர்க்கும், விக்கிப்பீடியாவின் தங்கை. ஆனால் விக்கிப்பீடியாவின் சிசி பை-எஸ்ஏவை அது எடுத்துக்கொள்ளவில்லை, சிசி ஜீரோவைத் தேர்ந்தெடுத்தது. இன்று அதில் 10 கோடிக்கும் மேற்பட்ட உருப்படிகள் இருக்கின்றன. தமிழ் விக்கிப்பீடியாவின் பல தகவற்பெட்டிகளுக்கு விவரம் அங்கிருந்துதான் வருகிறது. ஒரு ஊரின் மக்கள்தொகையை அங்கே ஒருமுறை திருத்தினால், அதை நம்பியிருக்கும் எல்லா மொழிகளுக்கும் போய்ச் சேரும்.

சிசி ஜீரோவின் பெரிய பலம், கலப்பதற்குத் தடையே இல்லாதது. தரவின் பயன் பெரும்பாலும் கலப்பில்தான் இருக்கிறது. கண்மாய்ப் பெயரை மட்டும் வைத்து யாரும் ஒன்றும் செய்யப்போவதில்லை. மழை அளவு, நில அளவை, செயற்கைக்கோள் படம், பழைய ஆவணம் இவற்றோடு சேரும்போதுதான் 'இந்தச் சங்கிலியில் எந்தக் கண்மாய் காணாமல் போயிருக்கிறது' என்ற கேள்விக்குப் பதில் வரும். நாற்பது மூலங்களைச் சேர்க்கும் ஆய்வாளர், நாற்பது உரிமங்களையும் ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்க்க வேண்டியிருந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

குறையும் உண்டு, அதை மூடி மறைக்க மாட்டேன். பெயர் போடும் கட்டாயம் இல்லை. தேடுபொறிகளும் குரல் உதவியாளர்களும் விக்கித்தரவிலிருந்து எடுத்த பதிலை, எங்கிருந்து வந்தது என்று சொல்லாமலேயே தரலாம். பயனருக்கு மூலம் தெரியாவிட்டால், தவறு இருந்தால் எங்கே போய்த் திருத்துவது என்றும் தெரியாது. புதிய பங்களிப்பாளர்கள் வரும் வாசலே அடைபடுகிறது. மரியாதைக் குறைவைவிட எனக்குப் பெரிய வருத்தம் இதுதான்.

ஆனால் பெயர் போட வைக்கச் சட்டம் மட்டுமே வழி இல்லை. கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட ஜிபிஐஎஃப் என்ற உயிரினப் பதிவுத் தொகுப்பைப் பாருங்கள். 200 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள். தரவு தருபவர்கள் சிசி ஜீரோ, சிசி பை, சிசி பை-என்சி மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும், யாராவது தரவைப் பதிவிறக்கினால் அந்தப் பதிவிறக்கத்துக்கே ஒரு நிலையான அடையாள எண் உருவாகிறது. ஆய்வுக் கட்டுரையில் அந்த எண்ணைப் போட்டால், எந்தக் குழுவின் தரவு எந்தக் கட்டுரைக்குப் பயன்பட்டது என்று பின்னால் கணக்கிட முடிகிறது. மேற்கோள் காட்டுவதை எளிதாக்கிவிட்டால் காட்டுகிறார்கள். கண்மாய்த் தளத்திலும் 'இப்படி மேற்கோள் காட்டுங்கள்' என்று ஒரு வரியை நகலெடுக்கத் தயாராக வைக்கலாம். செலவில்லாத வேலை.

மியூசிக்பிரெயின்ஸ் இன்னொரு பாடம். சிடிடிபி மூடப்பட்ட கோபத்தில் பிறந்தது என்றேனே, அவர்கள் கடுமையான பூட்டைத்தான் போட்டிருப்பார்கள் என்று நினைப்போம். இல்லை. கலைஞர், ஆல்பம், பாடல் என்ற மையத் தரவு முழுவதும் சிசி ஜீரோ. குறிச்சொற்கள் போன்ற துணைத் தரவு மட்டும் வணிகத்துக்குத் தடை உள்ள உரிமத்தில். பணத்துக்கு? தரவு இலவசம், ஆனால் மணிக்கு மணி வரும் புதுப்பிப்பு ஓடையை வணிகத்துக்குப் பயன்படுத்தும் நிறுவனங்களிடம் ஆதரவுத் தொகை கேட்கிறார்கள். தருகிறார்கள். நேற்றைய பிரதியை எவரும் எடுத்துவிடலாம், உயிரோடு இருக்கும் சமூகத்தை எடுக்க முடியாது என்ற நம்பிக்கையில் நடக்கும் ஏற்பாடு இது.

இந்தியாவில் ஒருவர் தன் பதிப்புரிமையைத் துறக்க முடியுமா என்று சிலர் கேட்பார்கள். முடியும். சட்டத்தின் 21-ம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, பதிவாளருக்கு எழுதுவதற்குப் பதில் பொது அறிவிப்பு மூலமாகவும் துறக்கலாம். துறப்பு செல்லாது என்று எங்காவது ஆனால்கூட, அதற்குப் பதிலாக நிபந்தனையற்ற அனுமதியாக எடுத்துக்கொள்ளும்படி சிசி ஜீரோ எழுதப்பட்டிருக்கிறது.

மற்ற இரண்டும்

சிசி பை பார்க்க நடுவழி போலத் தெரியும். பலருக்கும் முதலில் பிடிப்பதும் அதுதான். அரசின் திறந்த தரவுக்காக 2017-ல் அறிவிக்கப்பட்ட இந்திய உரிமமும் ஏறக்குறைய இந்த மாதிரிதான்: வணிகம் உட்பட எதற்கும் பயன்படுத்தலாம், மூலத்தைச் சொல்ல வேண்டும். ஜியோநேம்ஸ் என்ற இடப்பெயர்த் தொகுப்பு சிசி பையில் நன்றாகவே ஓடுகிறது. ஒரே ஆசிரியரோ ஒரே அலுவலகமோ வெளியிடும் தரவுக்கு இது பொருத்தம். கூட்டுத் தரவுத்தளத்தில் 'யார் பெயரை' என்ற கேள்வி வருகிறது, குழுவின் பெயரைப் போட்டால் போதும் என்று முதலிலேயே எழுதி வைத்தால் சமாளிக்கலாம். ஆனால் பெரிய பொதுக் கிடங்குகளில் சேர்க்க இது தடையாகிறது. ஃப்ரீபேஸ் என்ற தரவுத்தளத்தைக் கூகுள் மூடப்போவதாக 2014 டிசம்பரில் அறிவித்து, உள்ளடக்கத்தை விக்கித்தரவுக்கு நகர்த்த உதவியபோது, சிசி பையிலிருந்து சிசி ஜீரோவுக்கு எதையெல்லாம் கொண்டுபோகலாம் என்பதே தனிப் பிரச்சினையாக எழுந்தது.

வணிகத் தடை உள்ள என்சியை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். நல்ல மனதோடுதான் தேர்ந்தெடுக்கிறார்கள், தெரியும். ஆனால் விளம்பரம் உள்ள ஒரு நாளிதழ் கண்மாய் ஆக்கிரமிப்பு பற்றிச் செய்தி போட இந்தத் தரவை எடுக்கலாமா? தூர்வாரும் பணியை ஒப்பந்தத்தில் எடுத்த சிறு பொறியாளர் எடுக்கலாமா? இரண்டுக்கும் தெளிவான பதில் இல்லை. பதில் தெரியாதவர் எடுக்கவே மாட்டார். விக்கிப்பீடியாவும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும் என்சி தரவைத் தொடவே தொடாது.

எங்கிருந்து வருகிறது, எங்கே போக வேண்டும்?

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி இதுதான். கண்மாய்த் தரவு போய்ச் சேர வேண்டிய பெரிய இடங்கள் மூன்று: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், விக்கித்தரவு, அங்கிருந்து தமிழ் விக்கிப்பீடியா. சிசி ஜீரோவில் வைத்தால் மூன்றுக்கும் தடையின்றிப் போகும். ஓடிபிஎல்லில் வைத்தால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்குப் போகும், விக்கித்தரவுக்குப் போகாது. சிசி பையில் வைத்தால் விக்கித்தரவுக்கு மொத்தமாகப் போகாது, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும் நம்மிடம் தனியாக ஒரு சம்மதக் கடிதம் கேட்கும். என்சியில் வைத்தால் எங்கும் போகாது. ஒரு மாவட்டக் குழு ஐந்தாண்டுகளில் சோர்ந்து கலைந்துவிடலாம், சர்வருக்குப் பணம் கட்ட மறந்துவிடலாம். தரவு அந்த மூன்று இடங்களிலும் ஊன்றியிருந்தால் மட்டுமே பிழைக்கும்.

எதிர்த் திசையில் கவனம் வேண்டும். சிசி ஜீரோ என்றால் நாம் ஓடிபிஎல் தரவை உள்ளே கொண்டுவர முடியாது. கண்மாயின் எல்லைக்கோட்டை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு 'எல்லாம் சிசி ஜீரோ' என்று அறிவிப்பது தவறு. கூகுள் வரைபடத்தைப் பார்த்துப் பெயரை எழுதுவதும் அப்படித்தான். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சமூகத்தில் மன்னிக்கப்படாத குற்றம் அது. பிங் செயற்கைக்கோள் படத்தின் மேல் வரைய மைக்ரோசாஃப்ட் 2010-ல் கொடுத்த அனுமதி, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்ப்பதற்கு மட்டுமே. நம் தரவுத்தளத்துக்காக அதன் மேல் வரைய முடியாது.

எளிய வழி, எல்லைக்கோட்டு வேலையை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே நேரடியாகச் செய்துவிடுவது. அங்கே அது ஓடிபிஎல்லில் இருக்கட்டும். நம் தரவுத்தளத்தில் பெயர், மடை, கலிங்கு, ஆயக்கட்டு, நிறைந்த ஆண்டு ஆகியவற்றையும், கரையில் நின்று கைபேசி ஜிபிஎஸ்ஸில் எடுத்த ஒரு புள்ளியையும் வைத்துக்கொள்வோம். இரண்டையும் விக்கித்தரவு எண்ணால் இணைத்துவிடலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அதற்கென்றே குறிச்சொல் இருக்கிறது. கோடு நம்மிடமே வேண்டும் என்றால், ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் மூலத்தைக் குறிப்பிட்டால் போதும் என்ற நிபந்தனையில் கிடைக்கின்றன. 10 மீட்டர் துல்லியம் ஊருணிக்குப் போதாது, பெரிய கண்மாய்க்குத் தாராளமாகப் போதும்.

இந்த வாதத்தின் மறுபக்கமும் இருக்கிறது. உங்கள் வேலையில் பெரும்பகுதி வரைவதுதான், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவோடு பிரிக்க முடியாமல் கலந்திருக்கும் என்றால், சிசி ஜீரோவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், ஓடிபிஎல்தான். பிரான்சில் தொடங்கிய, பொட்டல உணவுகளின் விவரங்களைச் சேர்க்கும் ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ் போல, ஐரோப்பாவில் சட்டபூர்வ அமைப்பும், தரவை மொத்தமாக எடுக்கக்கூடிய வணிகச் செயலிகளும் எதிரெதிரே இருக்கும் நிலையிலும் ஓடிபிஎல் நியாயமான தேர்வு. அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டிய ஒன்று, அடுக்குகளைப் பிரித்தது: தரவுத்தளத்துக்கு ஓடிபிஎல், பொட்டலத்தின் புகைப்படங்களுக்கு சிசி பை-எஸ்ஏ. நான் படங்களுக்கு சிசி பை-எஸ்ஏ சொல்வதும் இதே காரணத்தால்தான். படம் எடுத்தவரின் கைவண்ணம் அதில் இருக்கிறது, பதிப்புரிமை உறுதியாக உண்டு, அங்கே நிபந்தனைக்கு வலு இருக்கிறது. விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்திலும் அப்படியே ஏற்றலாம்.

உரிமம் தீர்க்காதவை

தகவல் சட்டப்படி திறந்தது என்பதால் எல்லாவற்றையும் வெளியிடலாம் என்று ஆகிவிடாது. பொதுமக்கள் தாங்கள் பார்த்த உயிரினங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் இருப்பிடம் தானாகவே மங்கலாக்கப்படுகிறது, வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டக் கூடாது என்பதற்காக. கண்மாய்க் கரையில் கூடு கட்டும் பறவைகளுக்கும் அந்தக் கவனம் வேண்டும். கரையோரத் தோட்டத்தின் உரிமையாளர் பெயர், கைபேசி எண் போன்றவை தரவுத்தளத்துக்குள்ளேயே வரக்கூடாது.

மூலிகை பற்றிய தகவல் வந்தால் இன்னும் நிதானமாக யோசியுங்கள். மஞ்சளின் காயம் ஆற்றும் குணத்துக்கு 1995-ல் அமெரிக்காவில் கொடுக்கப்பட்ட காப்புரிமை, இந்தியா எதிர்த்ததால் 1997-ல் ரத்தானது. அதையொட்டி, சித்த மருத்துவ நூல்களையும் சேர்த்து உருவான பாரம்பரிய அறிவு மின்நூலகத்தை, காப்புரிமை அலுவலகங்கள் மட்டும் பார்க்கும்படி நம் அரசு மூடியே வைத்தது. அது சரியா என்று விவாதிக்கலாம். ஆனால் ஒரு வைத்தியர் நம்பிச் சொன்னதைச் சிசி ஜீரோவில் போடும் முன் அவரிடம் கேட்டாக வேண்டும் என்பதில் விவாதம் இல்லை.

சம்மதம் பங்களிப்பாளர்களிடமிருந்தும் வேண்டும், அதுவும் முதல் பதிவுக்கு முன்பே. கணக்கு தொடங்கும் பக்கத்தில் மூன்று வாக்கியம் போதும்: 'நான் சேர்க்கும் தகவல்களைச் சிசி ஜீரோவிலும், படங்களையும் நீள் விவரிப்புகளையும் சிசி பை-எஸ்ஏ 4.0-விலும் வெளியிடச் சம்மதிக்கிறேன். இவற்றை நானே நேரில் பார்த்தோ கேட்டோ அறிந்தேன், அல்லது அனுமதியுள்ள மூலத்திலிருந்து எடுத்து அந்த மூலத்தைக் குறிப்பிட்டிருக்கிறேன். பிற வரைபடங்களிலிருந்து நகலெடுக்கவில்லை.' ஓடிபிஎல்லைத் தேர்ந்தெடுத்தால் நான்காவதாக ஒன்று சேர்க்க வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன் கசப்பான அனுபவத்துக்குப் பின் அதை எழுதி வைத்திருக்கிறது: அறக்கட்டளை உறுப்பினர்கள் வாக்களித்து, தீவிரப் பங்களிப்பாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினரும் ஒப்புக்கொண்டால் வேறொரு திறந்த உரிமத்துக்கு மாறலாம். சிசி ஜீரோவுக்கு அந்த வாக்கியம் தேவைப்படாது. ஒவ்வொரு பதிவிலும் 'மூலம்' என்ற புலத்தைக் கட்டாயமாக்கி, முழுத் தரவின் பிரதியை மாதம் ஒருமுறை குழுவுக்கு வெளியே ஒரு பொதுக் கிடங்கில் ஏற்றும் வேலையை யார் பெயரிலாவது முதல் கூட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.